மலைப்பாதைக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த இவர், பத்தாண்டுகளுக்கும் மேலாக எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறார். மனைவி, எச்-1பி பெற்றவரின் துணைக்குரிய எச்-4 விசாவில் இருக்கிறார்; எட்டு வயதில் ஒரு மகள். நிரந்தரக் குடியிருப்புக்காக நிறுவனம் கொடுக்கும் ஐ-140 மனு ஏற்கப்பட்டு, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். வார இறுதியில் டெலவேர் வாட்டர் கேப் பகுதியில் மலையேறுவது இக்குடும்பத்தின் வழக்கம். சென்ற இலையுதிர் காலத்தில் டேமனி மலையின் சிவப்புப் புள்ளிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இருபதடி தூரத்தில் ஒரு கருங்கரடி குறுக்கே கடந்து போயிருக்கிறது. மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாளாம். மூன்று வாரம் கழித்து மனைவியும் இரண்டு தோழிகளும் தனியாகப் போனபோது, ஓர் ஆள் அவர்கள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, வண்டி நிறுத்துமிடம் வரை பின்தொடர்ந்திருக்கிறான். அன்று முதல் மனைவி மலைக்கு வருவதில்லை.

ஆற்றுக்கு அப்பால், பென்சில்வேனியாவின் ஈஸ்டனில், இவருடைய பள்ளித் தோழர் வசிக்கிறார். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அங்குள்ள ஷெரிஃப் (மாவட்டச் சட்ட அதிகாரி) வழங்கிய உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் ஆறு வாரம் ஊருக்குப் போகும் அவர், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியோடு இவர் வீட்டில் வைத்துவிட்டுப் போவதாகவும், மலைக்குப் போகும்போது முதுகுப்பையில் எடுத்துச் செல்லலாம் என்றும் சொல்லியிருக்கிறார். "2010 முதல் தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஆயுதம் வைத்திருக்க உரிமை தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தமும் இருக்கிறது, துப்பாக்கிக்கு உரிமமும் இருக்கிறது, முதலில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சுடக் கற்றுக்கொண்டு பிறகு எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். சட்டப்படி இதில் ஏதாவது சிக்கல் உண்டா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. குழந்தையோடு நிற்கும்போது கரடியைப் பார்த்த எவருக்கும், மனைவியை முன்பின் தெரியாத ஒருவன் பின்தொடர்ந்தான் என்று கேள்விப்பட்ட எவருக்கும் அது வரும். பெட்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வருமுன் கேட்டீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். பெட்டி வந்த பிறகு என்னிடம் வருபவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்தப் பூங்கா, எந்த உரிமம் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைப் பொறுத்தவரை பூங்காவுக்கு முன்பே, உங்கள் விசாவிலேயே விடை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விசா

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் பகுதி, 922ஆம் பிரிவு, யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில், குடியேறா விசாவில் (நிரந்தரமாக அல்லாமல் தற்காலிகமாகத் தங்குவதற்கான விசா) நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே குடியேறா விசாக்கள்தாம். ஐ-140 ஏற்கப்பட்டதால் இந்த நிலை மாறுவதில்லை. அது வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. நீங்கள் எத்தனை ஆண்டு வரி கட்டினீர்கள், எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தீர்கள் என்பதையும் இந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

தடை துப்பாக்கிக்கு மட்டுமன்று, தோட்டாவுக்கும் உண்டு. முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும். "வைத்திருத்தல்" என்பதற்கும் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்று பொருளில்லை. உங்கள் கையில் அல்லது கட்டுப்பாட்டில் இருந்தாலே அது வைத்திருத்தல்தான். ஆகவே பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடுவதும் இதற்குள் வந்துவிடும். அலுவலகக் குழுவோடு உல்லாசமாகச் சுடப் போகிறவர்கள் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன புகழ்பெற்ற வழக்கு ஒன்று, மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்கு வந்து, மதிப்பெண் குறைவால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, அதனால் தங்கும் உரிமையை இழந்த ஒருவர், ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதிலிருந்து தொடங்கியதுதான். தடை செய்யப்பட்டவர்களில் ஒருவராகத் தம்மை ஆக்கும் அந்தக் குடிவரவு நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் நிலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். விசா முத்திரை உங்கள் கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் குடையாக இருக்காது.

தண்டனையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இக்குற்றத்துக்கான உச்சத் தண்டனையைப் பத்திலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்தியது. முதல்முறை தவறியவருக்கு நீதிபதி அவ்வளவு கொடுப்பது அரிது. ஆனால் உங்களுக்குச் சிறையைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. குடிவரவுச் சட்டம் இந்தப் பிரிவின் கீழ் பெறும் தண்டனையை மிகக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அந்த வரிசையில் பெயர் விழுந்தவருக்கு நாடுகடத்தலைத் தடுக்கும் வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடுகின்றன. திரும்பி வரும் கதவும் அப்படியே. பத்தாண்டுக் காத்திருப்பும், மகளின் பள்ளியும், வீட்டுக் கடனும் ஒரே நாளில் கேள்விக்குறியாகும்.

இரண்டாம் திருத்தம் இதை முறியடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அளித்த புரூயன் தீர்ப்பு, வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று சொன்னது உண்மை. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் "சிறப்புத் தேவையை நிரூபித்தால்தான் உரிமம்" என்று வைத்திருந்த விதி அத்தோடு போயிற்று. ஆனால் அது விசாத் தடையைத் தொடவில்லை. குடியேறா விசாக்காரர்கள் மீதான இத்தடை செல்லும் என்று மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. புரூயனுக்குப் பிறகு இவ்வாதங்கள் புதிய வடிவில் எழுகின்றன என்பதும் உண்மைதான். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் வழக்காக உங்கள் குடும்பம் இருக்க வேண்டாம் என்பதே என் விருப்பம்.

சட்டத்தில் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. நண்பர்கள் யாராவது அதை உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால் இத்தடை பொருந்தாது. பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, தேர்வெழுதி, அந்த உரிமத்தைப் பெற்ற விசாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். பென்சில்வேனியாவின் வேட்டை உரிமம் ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. புதுப்பிக்க மறந்தால், முந்தைய இரவு பத்து மணிக்குச் சட்டப்படி அலமாரியில் இருந்த பொருள், நீங்கள் தூங்கி எழும்போது கூட்டாட்சிக் குற்றமாகியிருக்கும். மேலும், இது கூட்டாட்சித் தடையை மட்டுமே விலக்குகிறது; கைத்துப்பாக்கியை உடலில் தாங்கிப் பொதுவெளியில் நடப்பதற்கு மாநிலம் கேட்கும் உரிமத்துக்கு இது மாற்றாகாது. வேட்டையில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு அது வழி. மலைப்பாதைத் துணைக்காக அதை நாடுபவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரே ஆறு, இரண்டு சட்டம்

தேசியப் பூங்காக்களைப் பற்றி நீங்கள் படித்தது பாதி சரி. 2009இல் கடன் அட்டை நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வந்த சட்டத்தோடு சேர்த்து நிறைவேறிய ஒரு திருத்தம், 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கைக்கெட்டாமல் கட்டி வைத்துத்தான் பூங்காவுக்குள் கொண்டு போக முடியும். திருத்தம் "எல்லோரும் கொண்டு வரலாம்" என்று சொல்லவில்லை. கூட்டாட்சிச் சட்டப்படி தடையில்லாதவர், அந்தப் பூங்கா அமைந்திருக்கும் மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால், பூங்கா நிர்வாகம் அதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதிலும் பார்வையாளர் மையம், ரேஞ்சர் அலுவலகம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் தடை அப்படியே இருக்கிறது. கதவில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். வரைபடம் வாங்கவோ குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகவோ முதுகுப்பையோடு உள்ளே நுழைந்தால் அது தனிக் குற்றம். வேட்டைக்கு ஒதுக்கிய இடங்கள் தவிர மற்ற இடங்களில் சுடுவதும் விதிப்படி தடைதான்.

நீங்கள் போகும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். டெலவேர் வாட்டர் கேப் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி ஆற்றின் இரு கரையிலும் விரிந்திருக்கிறது. டேமனி மலை நியூ ஜெர்சிக் கரையில். எதிரே மின்சி மலை பென்சில்வேனியாக் கரையில். 14 மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் நெடும்பாதை இங்கே 80ஆம் எண் நெடுஞ்சாலையின் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. உங்கள் நண்பர் தம் உரிமத்தோடு மின்சி மலையில் நடக்கலாம். அதே நடையில் பாலத்தின் பாதியைத் தாண்டினால் அவரும் குற்றவாளிதான், ஏனென்றால் வேறு மாநிலத்தின் உரிமம் எதையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. உரிமமின்றிக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது இங்கே 5 முதல் 10 ஆண்டு வரை தண்டனைக்குரியது. அதில் குறைந்தது 42 மாதங்கள் பரோல் இல்லாமல் கழிக்க வேண்டும். டேமனியின் அடிவாரத்தில் தேசியப் பூங்கா நிலமும் வொர்திங்டன் மாநில வனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்த மரத்தோடு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று நடப்பவருக்குத் தெரியாது, ஆனால் விதிகள் வேறு. புரூயன் தீர்ப்புக்குப் பிறகு, 2022 டிசம்பரில் நியூ ஜெர்சி இயற்றிய சட்டம், உரிமம் பெற்றவரும் துப்பாக்கி கொண்டு போகக் கூடாத இடங்களின் பட்டியலில் பூங்காக்களையும் சேர்த்தது. அது வழக்குகளுக்கு உள்ளாகியிருக்கிறது. ஆகவே உரிமம் உள்ளவர்கள்கூடக் கிளம்பும் வாரத்தில் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும் இந்த எல்லைக்கோடு இரக்கம் காட்டுவதில்லை என்பதற்கு ஒரு நிகழ்வு. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம்தாய் நியூ ஜெர்சிச் சாலையில் சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தப்பட்டார். தம்மிடம் கைத்துப்பாக்கி இருப்பதையும், பென்சில்வேனியா உரிமம் இருப்பதையும் அவரே முன்வந்து காவலரிடம் சொன்னார். கைது செய்யப்பட்டார், மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறை அவர்முன் நின்றது. நாடே பேசிய பிறகுதான் வழக்கின் போக்கு மாறியது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் அமெரிக்கக் குடிமகள்; வேறு குற்றப் பின்னணி இல்லாதவர். விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதை அப்படி முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நண்பரின் பெட்டி

உங்கள் நண்பர் உங்கள்மீது உள்ள பாசத்தால்தான் இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு இணையான ஆபத்து அவருக்கும் இருக்கிறது. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தும் ஒருவரிடம் துப்பாக்கியையோ தோட்டாவையோ ஒப்படைப்பது அதே 922ஆம் பிரிவின்படி கூட்டாட்சிக் குற்றம். விற்பனைதான் என்றில்லை, இரவலும் ஒப்படைப்புத்தான். அதைக் காரில் வைத்து நியூ ஜெர்சிக்குள் ஓட்டி வரும் கணத்திலேயே மாநிலச் சட்டமும் அவரைப் பிடிக்கும். தற்காப்புக்காகப் பலர் வாங்கும் ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் (நுனி குழிந்து, பட்டதும் விரிபவை) அதில் இருந்தால், அவற்றை வெளியே கொண்டு செல்வது நியூ ஜெர்சியில் தனிக் குற்றமும்கூட. பூட்டிய பெட்டியில் மாநில எல்லைகளைக் கடக்க அனுமதிக்கும் கூட்டாட்சிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. அது, புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கும் உரிமை உள்ளவர், குண்டு நீக்கிப் பின்பெட்டியில் பூட்டிப் பயணம் செய்வதற்கு மட்டும். உங்கள் வீடு அப்படிப்பட்ட சேருமிடம் அன்று.

"பெட்டியின் சாவி நண்பரிடமே இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பத்தியில் "தேவைப்பட்டால் முதுகுப்பையில் எடுத்துச் செல்லலாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரசு வழக்கறிஞர் இரண்டாவது வரியைத்தான் படிப்பார். உங்கள் மனைவியும் அதே வீட்டில் எச்-4 விசாவில் இருக்கிறார். அவரையும் இந்த வலைக்குள் இழுக்க வேண்டாம். உங்களுக்காக நண்பர் கடையில் புதிதாக ஒன்று வாங்கித் தரலாம் என்ற யோசனை எழுந்தால், அது இதைவிட மோசம்: பிறருக்காக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது 2022ஆம் ஆண்டுச் சட்டம்.

ஊரில் உங்கள் அப்பாவிடம் தோட்டக் காவலுக்கு உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது, ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார் என்று எழுதியிருந்ததை விரும்பிப் படித்தேன். துப்பாக்கி உங்களுக்கு அந்நியமான பொருள் அன்று என்பது புரிகிறது. ஆனால் அந்த நினைவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அந்த உரிமம் உங்கள் அப்பாவின் பெயருக்குத்தான் இருந்தது. அவர் இல்லாதபோது பக்கத்துத் தோட்டக்காரர் அதை எடுத்துப் போக முடியாது. இங்கேயும் ஷெரிஃப் தந்த உரிமம் அந்த ஆளுக்கு உரியது. துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டு கைமாறி வருவதில்லை.

இதைப் படிக்கும் வேறு யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு பெட்டி ஏற்கெனவே இருந்தால், அவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அதைத் தொடவும் வேண்டாம். "திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று தாங்களே காரில் ஏற்றவும் வேண்டாம். நண்பரோடு நடந்த செய்திப் பரிமாற்றங்களை அழிக்கவும் கூடாது. குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். அங்கே சொல்வதற்கு இரகசியப் பாதுகாப்பு உண்டு. முறையாக ஒப்படைக்கும் வழியை அவர் ஏற்பாடு செய்வார்.

கரடியைப் பற்றி

சட்டத்தை ஒதுக்கிவிட்டு, பயன் என்ன என்றும் பார்ப்போம். உங்கள் பகுதியில் கரடி பயம் வெறும் கற்பனை அன்று. 2014 செப்டம்பரில் வெஸ்ட் மில்ஃபோர்டுக் காட்டில் ஐந்து இளைஞர்கள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கருங்கரடி அவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஒரு கல்லூரி மாணவர் திரும்பவில்லை. நியூ ஜெர்சியில் கரடி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு அது. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கத்து இந்தியக் குடும்பங்கள் அதை இன்னும் மறக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை ஓடாதிருப்பதும் பிரியாதிருப்பதும்தான். கருங்கரடி மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும். ஓடுவதைப் பார்த்தால் துரத்தக்கூடும். குழந்தையை நடுவில் விட்டு எல்லோரும் ஒட்டி நின்று, கையை உயர்த்தி உருவத்தைப் பெரிதாக்கி, சத்தமாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். கருங்கரடி உண்மையிலேயே தாக்கினால் செத்ததுபோல் படுக்கக் கூடாது. கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும்.

துப்பாக்கி இதில் எவ்வளவு உதவும்? டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோர் சகாக்களோடு அலாஸ்காவில் செய்த இரண்டு ஆய்வுகள் இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவை. 2008இல் வெளியான ஆய்வின்படி, கரடி ஸ்ப்ரே (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) பத்தில் ஒன்பது தடவை கரடியின் போக்கை நிறுத்தியது. நெருக்கமான சந்திப்பில் அதை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். 2012இல் வெளியானது துப்பாக்கி இருந்த 269 நிகழ்வுகளை ஆராய்ந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. பதறும் கையோடு பையைத் திறந்து, எடுத்து, குறிபார்க்கும் நேரத்தைக் கரடி தருவதில்லை. முதுகுப்பையின் உள்ளே, தண்ணீர்ப் புட்டிக்கும் மகளின் மழைச் சட்டைக்கும் கீழே கிடக்கும் துப்பாக்கி உங்களை எதிலிருந்தும் காக்காது.

ஸ்ப்ரேக்கும் இடத்துக்கு இடம் சட்டம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி ஸ்ப்ரே எடுத்துச் செல்லும்படி ரேஞ்சர்களே வற்புறுத்துவார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதே குப்பி தடை. விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. நியூ ஜெர்சிச் சட்டம் தற்காப்புக்கு முக்கால் அவுன்சுக்கு மேற்படாத சிறு குப்பியையே அனுமதிக்கிறது. கடையில் விற்கும் பெரிய கரடிக் குப்பி அதற்குள் அடங்காது. ஆகவே டேமனியில் உங்கள் முதல் ஆயுதம் உங்கள் குரலும் ஒரு நல்ல விசிலும்தான். மேலும், சாப்பாட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து எடுத்துப் போங்கள். உச்சியில் இலை விரித்ததுபோல் புளியோதரையும் வறுவலும் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். சிந்தியதைப் பொறுக்காமல் வந்தால், அடுத்து வருபவருக்குக் கரடியை அழைத்துவிட்டு வருகிறோம்.

பின்தொடர்ந்த ஆளைப் பற்றி

என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது கரடியன்று, இந்தப் பகுதிதான். அன்று உங்கள் மனைவியிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் தொடவில்லை, மிரட்டவில்லை, ஆயுதம் காட்டவில்லை. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தாலொழிய உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்த மாநிலங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை; ஒருவன் பின்தொடர்ந்தான் என்பது மட்டும் எங்கும் போதாது. நியூ ஜெர்சியில், வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்போடு விலகிச் செல்ல முடிந்தால் விலகியாக வேண்டும் என்ற கடமையும் உண்டு. பயமுறுத்துவதற்காகத் துப்பாக்கியை நீட்டுவதே இங்கே தனிக் குற்றம்.

முறைப்படி துப்பாக்கி வைத்திருந்தவருக்கும் என்ன நேரலாம் என்பதற்கு, அரிசோனாவில் 2004 மே மாதம் நடந்த ஒரு நிகழ்வை வழக்கறிஞர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாள்முழுதும் தனியாக மலைநடை முடித்துத் தம் வண்டியை நெருங்கும்போது, கட்டப்படாத நாய்கள் அவரை நோக்கி ஓடி வந்தன. அவர் எச்சரிக்கையாகத் தரையில் சுட்டார். நாய்களை அழைத்து வந்தவர் ஆத்திரத்தோடு கத்திக்கொண்டு சரிவில் ஓடி வந்தார். ஆசிரியர் மூன்று முறை சுட்டார், வந்தவர் இறந்துபோனார். ஆசிரியருக்கு 2006இல் கொலைக் குற்றத் தீர்ப்பும் பத்தாண்டுத் தண்டனையும் கிடைத்தன. 2009இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி, அவர் வெளியே வந்தார். துப்பாக்கிச் சட்டம் மிகத் தளர்வான ஒரு மாநிலத்தில், சட்டப்படி ஆயுதம் வைத்திருந்த ஒரு குடிமகனின் கதை இது. ஒரு பக்கம் ஓர் உயிர். மறுபக்கம் மூன்று ஆண்டுச் சிறை. அந்தச் சில நொடிகளில் யார் செய்தது சரி என்று இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆகவே நீங்கள் இப்போது செய்யக்கூடியது, நடந்ததைப் பூங்கா ரேஞ்சரிடம் பதிவு செய்வது. வாரங்கள் கழிந்துவிட்டனவே என்று தயங்க வேண்டாம். தேதி, நேரம், பாதை, அந்த ஆளின் உயரம், உடை, வண்டியின் நிறம், எண்ணில் நினைவிருக்கும் எழுத்துகள் ஆகியவற்றை மனைவியும் இரு தோழிகளும் தனித்தனியாக எழுதட்டும்; பேசி ஒத்துக்கொண்டு எழுத வேண்டாம். வேறொரு பெண் இதே ஆளைப் பற்றிச் சொல்லியிருந்தால், உங்கள் புகார்தான் இரண்டையும் இணைக்கும். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், எதிரே வரும் மலையேற்றக் குழுவோடு சேர்ந்துகொள்வதும், சத்தமாகத் தொலைபேசியில் இடத்தைச் சொல்வதும், 911ஐ அழைப்பதும் தயங்காமல் செய்ய வேண்டியவை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது என்பதால், செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதியுள்ள தொலைபேசியோ தனிக் கருவியோ வைத்துக்கொள்ளுங்கள்.  கிளம்புமுன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தேசியப் பூங்காக்களில் விபத்தாக நேரும் மரணங்களில் முன்வரிசையில் இருப்பவை வாகன விபத்தும், நீரில் மூழ்குதலும், தவறி விழுதலும்தான். இந்தப் பழக்கங்கள் அவற்றுக்கும் சேர்த்துக் காவல்.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் ஒன்று குறைகிறது. துப்பாக்கி இருந்தால் மனைவி மலைக்கு வருவாரா என்பதை அவரிடம் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள். ஒருவேளை அவர் விரும்புவது, நீங்கள் கூட வருவதாகவோ, கூட்டமுள்ள பாதையாகவோ, அல்லது சில மாதங்கள் சும்மா விடுவதாகவோ இருக்கலாம்.

கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை மாறும். நிரந்தரக் குடியிருப்பாளருக்கு இந்த விசாத் தடை கிடையாது. அப்போதும் விருப்பம் இருந்தால், துப்பாக்கி வாங்குபவருக்கு நியூ ஜெர்சி தரும் அடையாள அட்டை, கைத்துப்பாக்கி வாங்க அனுமதி, பயிற்சியோடு கூடிய எடுத்துச் செல்லும் உரிமம் என்று படிப்படியாக உங்கள் பெயரிலேயே பெறலாம். ஆனால் குடியுரிமை பெறும்வரை துப்பாக்கி தொடர்பான எந்தத் தண்டனையும் நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம் என்பதையும், எட்டு வயதுக் குழந்தையின் கைக்கெட்டும்படி வைப்பது தனிக் குற்றம் என்பதையும் மனத்தில் வைத்து அன்று முடிவெடுங்கள். அந்தக் கேள்வியை அன்று மறுபடி எழுதினால் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன்.

இப்போதைக்கு, நண்பர் பெட்டி கட்டத் தொடங்குமுன் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். "என் விசாவுக்கு இது ஆகாது, உனக்கும் ஆபத்து" என்று நேராகச் சொல்லுங்கள். வேறு காரணம் தேட வேண்டாம். ஆறு வாரத்துக்கு அதை ஈஸ்டன் வீட்டிலேயே இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். அல்லது அங்கேயே உள்ள உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பாதுகாப்புக்கு ஒப்படைக்க முடியுமா என்று விசாரித்துக்கொள்ளலாம்.